இந்த நிறம் எங்கிருந்து வந்தது?

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் எங்கிருந்து வந்த கலர்?"

நான் வரைந்து அனுப்பியிருந்த வாட்டர்கலர் அட்டைகளைப் பற்றித் தொலைபேசியில் அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குக் கேள்வியே சரியாகப் பிடிபடவில்லை. வண்ணப்பெட்டியிலிருந்து வந்த கலர்தான், வேறெங்கிருந்து வரும் என்றேன். அவர் ஒரு நொடி பேசாமல் இருந்தார். "அப்போ இதை வீட்டிலேயே உட்கார்ந்து வரைஞ்சிருக்கலாமே" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. தைக்கிறவர்கள் துணியைத் தடவிப் பார்த்து, இது பருத்தியா கலப்படமா என்று கேட்பார்களே, அந்த மாதிரி தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கூடவே சுற்றிக்கொண்டிருந்தது.

கூடப் பிறந்த அக்கா இல்லை. குவில்ட் தைப்பவர், அதாவது துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை தைப்பவர். அந்தப் போர்வைகளில் திரும்பத் திரும்ப வரும் கட்ட வடிவத்துக்கு பிளாக் என்று பெயர். நைன் பேட்ச், லாக் கேபின், ஃப்ளையிங் கீஸ் என்று ஒவ்வொரு பிளாக்கையும் பெயரோடு எனக்கு முதலில் காட்டியவர். பயணம் போகும்போதெல்லாம் அந்த பிளாக்குகளின் சாயலில் ஒரு சின்ன வாட்டர்கலர் அட்டை வரைந்து அவருக்கு அனுப்புவது என் வழக்கம். பெரும்பாலும் நைன் பேட்ச். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். பென்சிலில் கட்டம் போட ஐந்து நிமிடம், வண்ணம் வைக்க அரைமணி நேரம். ரயில் வருவதற்குள் முடிந்துவிடும். இருபதுக்கும் மேல் அனுப்பியிருப்பேன். அவை அத்தனையையும் சேர்த்துத்தான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் கட்டங்களுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் போகிற இடத்தில் பார்க்கிற காட்சியை வரைவேன். மலை, அதன் முன்னால் மரம், மரத்தடியில் வீடு. உட்கார்ந்து வரைய நேரம் கிடைக்கிறவர்களுக்கு அது சரி. எனக்குக் கிடைப்பது பேருந்து நிற்கிற இருபது நிமிடம், விமானம் தாமதமாகிற ஒரு மணி நேரம். அதற்குள் மலையின் உருவத்தைப் பிடிப்பதிலேயே கவனம் முழுவதும் போய்விடும், நிறத்தைப் பார்க்கவே முடியாது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தால் எல்லா மலையும் ஒரே நீலமாக இருக்கும். கட்டம் என்று வந்ததும் உருவத்தைப் பற்றிய கவலை போனது. எங்கே எது வர வேண்டும் என்பதை பிளாக் ஏற்கெனவே முடிவு செய்துவிடுகிறது. மிச்சம் இருப்பது நிறம் மட்டும்தான். ஓவியர் பால் கிளே 1914 ஏப்ரலில் ஆகஸ்ட் மாக்கே, லூயி மோய்யே என்ற இரண்டு நண்பர்களோடு துனிசியா போனார். அங்கே அவர் வரைந்த வாட்டர்கலர் ஓவியங்களில் ஊரும் தோட்டமும் சதுரங்களாகவும் பட்டைகளாகவும் பிரிந்து நிற்கும். நிறத்தைத் தேடி ஓட வேண்டாம், அது என்னைப் பிடித்துக்கொண்டது என்கிற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். இரண்டு வாரம்கூட நிறையாத பயணம். கூடப் போன மாக்கே அதே வருடம் செப்டம்பரில் போர்முனையில் இறந்துபோனார், வயது 27. அந்தப் பயணத்தில் இவர்கள் வரைந்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

சரி, கிளேவின் கட்டங்கள் துனிசியாவிலிருந்து வந்தவை. என் கட்டங்கள்? அக்காவின் கேள்வி அங்கேதான் தைத்தது. பழைய அட்டைகளின் படங்களைக் கைபேசியில் வரிசையாகப் பார்த்தேன். நீலம், அதற்குப் பக்கத்தில் ஆரஞ்சு, நடுவில் மஞ்சள், ஓரத்தில் பழுப்பு. அடுத்த அட்டையிலும் அதே சேர்க்கை, இடம் மட்டும் மாறியிருந்தது. கடற்கரையில் வரைந்த அட்டை எது, மலையில் வரைந்த அட்டை எது என்று எனக்கே சொல்ல முடியவில்லை. எனக்குப் பிடித்த நிறங்களை ஊர் ஊராகத் தூக்கிப் போய்த் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அடுத்த முறை நேரில் பார்த்தபோது வாதாடினேன். வண்ணப்பெட்டியில் இருக்கிற நிறங்களே எங்கிருந்தோ வந்தவைதான் அக்கா, என்றேன். அல்ட்ராமரைன் என்ற பெயருக்கே கடலுக்கு அப்பால் என்றுதான் அர்த்தம். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் சுரங்கங்களில் வெட்டிய கல்லை அரைத்து எடுத்த நீலம் அது. பிரான்சில் 1828இல் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழிக்குப் பரிசு கொடுக்கும் வரைக்கும் பொன்னுக்குச் சமமாக வைத்திருந்தார்கள். சியன்னா, இத்தாலியில் சியனா என்ற ஊரின் மண். அதைச் சுட்டால் பர்ன்ட் சியன்னா. இந்தப் பெட்டிக்குள் எத்தனை ஊர் இருக்கிறது, பாருங்கள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கலர் பண்ணின பயணம். நீ பண்ணினது எங்க?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் அவர் எழுந்து போய் ஒரு போர்வையை எடுத்துவந்து மடியில் விரித்தார். நன்றாகப் பழசானது, விளிம்பெல்லாம் தேய்ந்து நூல் தெரிந்தது. ஒவ்வொரு துண்டாகத் தொட்டுச் சொன்னார். இது அப்பாவின் சட்டை, காலர் கிழிந்த பிறகு வெட்டியது. இது பையன் முதல் வகுப்புக்குப் போட்டுப் போனது. இந்தக் கோடு போட்ட துணி ஜன்னல் திரை, அந்த வீட்டை விட்டு வரும்போது கழற்றிக்கொண்டு வந்தது. ஒரு வெளிர்பச்சைத் துண்டின் மேல் மட்டும் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் அடுத்த துண்டுக்குப் போய்விட்டார். நானும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் அலபாமாவில், ஆறு வளைந்து ஓடுகிற இடத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டனில் காட்சிக்கு வந்து, அங்கிருந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போயின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றில் பத்தைத் தபால்தலையாகவே வெளியிட்டது. அவர்களில் மிசௌரி பெட்வே என்பவர் 1942இல் தைத்த போர்வை ஒன்று உண்டு. கணவர் இறந்த பிறகு, அவர் வயலில் வேலைக்குப் போட்டுப்போன உடுப்புகளை வெட்டித் தைத்தது. அவர் நினைவாக இருக்கும், அன்போடு போர்த்திக்கொண்டு படுக்கலாம் என்று அம்மா சொன்னதை மகள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சாம்பலும் வெளுத்த நீலமும் பழுப்புமான பட்டைகள்தான். அழகுக்காக யாரும் தேர்ந்தெடுக்கிற நிறங்கள் இல்லை. வெயிலிலும் துவைப்பிலும் அந்த மனிதரின் உடம்போடு சேர்ந்தே வெளுத்தவை. அந்தப் போர்வையின் படத்தை முன்பே பார்த்திருக்கிறேன், நிறச்சேர்க்கை எவ்வளவு அருமை என்று வியந்திருக்கிறேன். அக்காவின் மடியில் கிடந்த போர்வையைப் பார்த்த பிறகுதான் நான் அதில் எதைப் பார்க்காமல் விட்டேன் என்று உறைத்தது.

பதின்மூன்று துண்டுகள்

அடுத்த பயணத்துக்கு முன்னால் நைன் பேட்ச்சை விட்டுவிட்டு லாக் கேபின் பிளாக்குக்கு மாறினேன். அதில் நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டைகளைத் தைத்துக்கொண்டே போவார்கள், மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவது போல. நடுச்சதுரத்தை வழக்கமாகச் சிவப்பில் வைப்பார்கள். அது வீட்டின் அடுப்பு என்று சொல்வதுண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிச்ச நிறம், மற்ற இரண்டு பக்கம் இருண்ட நிறம். தைத்து முடித்தால் மூலைக்கு மூலை பாதி வெயிலும் பாதி நிழலுமாகத் தெரியும். கீஸ் பெண்ட்டில் இதன் நெருங்கிய உறவான வடிவத்தை ஹவுஸ்டாப் என்பார்கள்.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், இதில் வரிசை இருக்கிறது. நைன் பேட்ச்சில் எந்தச் சதுரத்தை வேண்டுமானாலும் முதலில் வரையலாம். லாக் கேபினில் நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஒன்றை முடித்துத்தான் அடுத்தது. காலையில் நடுச்சதுரத்தை வைத்தால், வெளிச்சுற்று வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். நடுவிலிருந்து வெளியே படித்துக்கொண்டே போனால் அது அந்த நாள்.

அட்டை பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர், 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாள். நடுவில் இரண்டு சென்டிமீட்டர் சதுரம், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டைகள் மூன்று சுற்று. எட்டு சென்டிமீட்டர் பிளாக், மொத்தம் பதின்மூன்று துண்டு. ஓரங்களும் பிளாக்குக்கு அப்புறம் ஒரு இடைவெளியும் போக, வலதுபக்கம் ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும். அங்கே எண் போட்டு, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். விதி ஒன்றே ஒன்று. அந்த நாளில் என் கண்ணெதிரே இருந்த ஏதோ ஒரு பொருளின் நிறமாக இல்லாத எதையும் வைக்கக் கூடாது. பொதுவாக வானம், பொதுவாக மரம் என்பதெல்லாம் கிடையாது. எந்தக் கதவு, எந்த மரத்தின் எந்தப் பக்கம் என்று சொல்ல முடிய வேண்டும்.

முன்சீட்டு

மலைப்பாதையில் எட்டு மணி நேரப் பேருந்து. கட்டங்களை முந்தின நாளே மேசையில் வைத்துக் கோடு போட்டுவிட்டேன், ஓடுகிற பேருந்தில் நேர்க்கோடு வராது. வண்ணமும் பேருந்து நிற்கும்போது மட்டும்தான். ஓடும்போது பார்ப்பது, நிற்கும்போது வைப்பது.

நடுச்சதுரத்துக்குச் சிவப்பு வேண்டும். எனக்கு முன்னால் இருந்த சீட்டின் முதுகு மெரூன் ரெக்சின். ஒரு இடத்தில் கிழிந்து, அதன்மேல் வேறொரு மெரூன் துண்டு ஒட்டியிருந்தது. சரி, இதுதான் என்று அலிசரின் கிரிம்சன் சிவப்பில் கொஞ்சம் விரிடியன் பச்சையைக் கலந்து ஓரத் தாளில் வைத்துப் பார்த்தேன். அதிகம் ஊதாவாக இருந்தது. பர்ன்ட் சியன்னா சேர்த்தேன், இப்போது செங்கல். மூன்றாவது முறையும் வரவில்லை. நாலாவது கலவைக்காக ரெக்சினை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஒரு நிறமே இல்லை. சீட்டின் மேல்விளிம்பில், ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் பிடித்துப் பிடித்து, மெரூன் தேய்ந்து பழுப்பாகி, ஒரு கைப்பிடி அகலத்துக்கு மினுமினுத்தது. கீழே வர வர அசல் நிறம். அதற்கும் கீழே, முழங்கால்கள் இடிக்கிற உயரத்தில் மறுபடி வெளுத்திருந்தது. எத்தனை பேருடைய கை அது! நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்தச் சீட்டில் இருந்த பெரியவர் எழுந்து பின்பக்கம் திரும்பி, மேல்விளிம்பைச் சரியாக அந்தத் தேய்ந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டார். மூடுங்கள் ஐயா என்றேன்.

எட்டு மணி நேரத்தில் நான் பார்த்த மலைகளும் பள்ளத்தாக்குகளும் இந்த அளவுக்கு எனக்கு நினைவில்லை. அந்த இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் மேலே பழுப்பு, கீழே மெரூன் என்று ஈரமாக இருக்கும்போதே இரண்டையும் ஒன்றோடொன்று கலக்க விட்டேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து அந்த இடத்தின் நிறத்தை முதல்முறையாக வாங்கியதாக உணர்ந்தேன். கை கொஞ்சம் நடுங்கியது, அது பேருந்தின் எஞ்சினால் மட்டும் இல்லை.

வெளிச்சப் பட்டைகளை வெயில் படுகிற பக்கத்து ஜன்னலிலிருந்தும், இருண்ட பட்டைகளை நிழல் பக்கத்து ஜன்னலிலிருந்தும் எடுப்பதாகத் திட்டம். மலைப்பாதையில் அது எடுபடாது என்று முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வெயில் பக்கம் மாறுகிறது. வலதுபுறம் பளிச்சென்று இருந்த பாறை, அடுத்த வளைவில் இடதுபுறம் வந்து, நிழலில் கிட்டத்தட்ட நீலமாக நிற்கிறது. ஒரே பாறை எனக்கு ஆறாவது துண்டாகவும் எட்டாவது துண்டாகவும் வந்தது. ஆறு, எல்லோ ஓக்கரில் துளி கிரிம்சன். எட்டு, அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல். அந்தக் கலவையில் நீலத்தின் துகள்கள் தாளின் மேடுபள்ளங்களில் போய் உட்காரும், காய்ந்ததும் மணல்மணலாகத் தெரியும். பாறைக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. மணலுக்கும் பாறைக்கும் அல்ட்ராமரைன் போல தாலோ நீலம் உதவாது, அது வழவழவென்று தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

வரைந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், காய விடுவதைப் பற்றி. பக்கத்துப் பட்டை ஈரமாக இருக்கும்போது அடுத்ததை வைத்தால் நிறம் உள்ளே பாய்ந்துவிடும். பாதி காய்ந்திருக்கும்போது தண்ணீர் பட்டால் இன்னும் மோசம், காலிஃப்ளவர் மாதிரி விளிம்பு சுருண்டு ஒரு கறை நிற்கும். மினுமினுப்புப் போய்விட்டது என்பதை நம்பக் கூடாது. விரலின் பின்பக்கத்தால் தாளைத் தொட்டால், ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கடலோரத்தில் காய நேரமாகும். விமானத்துக்குள் காற்று மிகவும் உலர்ந்தது, வைக்க வைக்கக் காய்ந்துவிடும். ஆனால் அங்கே தண்ணீர் அடைத்த பிரஷ்ஷைத் திறக்கும்போது கவனம், அழுத்த மாற்றத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளும். பாதி மட்டும் நிரப்பாமல் முழுக்க நிரப்பிக்கொள்வது நல்லது, காற்றுக்கு இடம் குறையும். இன்னொன்று, வாட்டர்கலர் காய்ந்தால் வெளுக்கும். கண்ணுக்குச் சரி என்று பட்டதைவிட ஒரு படி அழுத்தமாக வைக்க வேண்டும்.

காத்திருக்க முடியாதவர்கள் பட்டைகளுக்கு நடுவே ஒரு மயிரிழை இடம் விட்டுவிடுவார்கள், நானும் அப்படித்தான். தாளின் வெள்ளை அங்கே மெல்லிய கோடாகத் தெரியும். எனக்கு அது தையல் மாதிரி இருக்கிறது. அக்காவுக்கு ஏற்பில்லை. தையலில் இடைவெளியே இருக்காது, ஒரு துணி இன்னொன்றின் மடிப்புக்குள் போய்த்தான் பிடித்துக்கொள்ளும், இடைவெளி தெரிந்தால் அது பிரிந்த போர்வை என்கிறார். துணிக்கு அது உண்மை. தாளுக்கு நான் சொல்வதுதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன். அந்த வெள்ளைக்கோடு இல்லாவிட்டால் வாட்டர்கலருக்கு மூச்சு முட்டும்.

திறந்த அட்டை

இந்த அட்டைகளை உறைக்குள் போட்டு அனுப்பச் சொல்பவர்கள் உண்டு. வாட்டர்கலரில் நிறத்தைப் பிடித்திருப்பது கருவேலம் பிசின் வகை. தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். ஒரு மழைத்துளி போதும். தெரிந்துதான் திறந்த அட்டையாகவே அனுப்புகிறேன். ஃபிரான்ஸ் மார்க் என்ற ஜெர்மானிய ஓவியர், 1913ஆம் ஆண்டுக்கான புத்தாண்டு வாழ்த்தாக எல்சே லாஸ்கர்-ஷூலர் என்ற கவிஞருக்கு நீலக் குதிரைகளை ஓர் அஞ்சலட்டையில் வரைந்து அனுப்பினார். பிறகு அதையே இரண்டு மீட்டர் உயரத்தில் பெரிய ஓவியமாக வரைந்தார். அந்தப் பெரிய ஓவியத்தை 1945க்குப் பிறகு காணவில்லை. அட்டை இருக்கிறது. எது பிழைக்கும் என்று நமக்குத் தெரியாது. போகிற வழியில் அட்டையின் மேல் விழுகிற முத்திரை, மூலையில் ஏறுகிற மடிப்பு, இவையும் அந்தப் பயணத்தில் எங்கிருந்தோ வந்தவைதானே.

அந்தப் பேருந்து நாளில் பன்னிரண்டு துண்டுகள் வந்துவிட்டன. பட்டியலில் இரண்டாவது, ஒரு நிறுத்தத்தில் சாய்த்து வைத்திருந்த ஏணியின் மூங்கில். ஏழாவது, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தொப்பி, மஞ்சள் என்று நினைத்து வைக்கப்போய், அது எலுமிச்சைப் பச்சை என்று தெரிந்துகொண்டது. பன்னிரண்டாவது, டயர் மாற்றும்போது தரையில் கிடந்த ஈரச் சாக்கு. பதின்மூன்றாவது வெளிச்சுற்றின் கடைசிப் பட்டை, பிளாக்கிலேயே நீளமானது, எட்டு சென்டிமீட்டர், இருண்ட பக்கம். அதற்கான நிறுத்தம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பேருந்துக்குள் மஞ்சள் விளக்கு போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் பெட்டியில் இருந்த நீலம் எது, கறுப்பு எது என்றே சொல்ல முடியவில்லை. வெளியே கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. இருட்டு என்று ஒரு இண்டிகோ பட்டையை இழுத்திருக்கலாம், பார்ப்பதற்கும் கச்சிதமாக இருந்திருக்கும். பிரஷ்ஷை நனைத்தும் விட்டேன். ஆனால் நான் பார்த்தது அந்த நிறத்தை இல்லை. பட்டையை வெறுமையாக விட்டு, வலதுபக்கம் 13 என்று போட்டு, "இருட்டிவிட்டது" என்று எழுதினேன். மறுநாள் காலை அப்படியே தபாலில் சேர்த்தேன்.

ஒன்பது நாள் கழித்து அக்கா கூப்பிட்டார். எடுத்ததும், "அந்த முன்சீட்டுல யார் உட்கார்ந்திருந்தாங்க?" என்றார். பெரியவரைப் பற்றிச் சொன்னேன், ஜன்னலை மூடினது வரைக்கும். குழந்தை கடைசி வரைக்கும் தூங்கினதா என்று கேட்டார். ஏணி யாருடையது, டயர் மாற்ற எவ்வளவு நேரமானது, எல்லாவற்றையும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எண் எண்ணாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இருபதுக்கும் மேல் அட்டை அனுப்பியிருக்கிறேன், எதைப் பற்றியும் அவர் இப்படிக் கேட்டதில்லை. பன்னிரண்டு முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தினார்.

"கடைசிப் பட்டை வெள்ளையா இருக்கு. இருண்ட பக்கமாச்சே அது."

"இருட்டிடுச்சு அக்கா. நிறம் தெரியல."

"ஆமா, எழுதியிருக்கே." தாள் திரும்புகிற சத்தம் கேட்டது. "சரி, அப்படியே இருக்கட்டும். அதே வழியாத்தானே திரும்பி வருவே? அந்த இடத்தைப் பகல்ல பாத்துட்டு வந்து சொல்லு."